டோலுக்கு முன்னால் டிரம்ஸ் எம்மாத்திரம்

புனேயில் கணபதி விசர்ஜன ஊர்வலத்தின் டோல்-தாஷா மேளச் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிரும். யாரும் முகம் சுளிப்பதில்லை. அதே ஊரில் நாலு பையன்கள் மெட்டல் வாசித்தால் மட்டும் மாடி வீட்டு ஆஜி (பாட்டி) விளக்குமாற்றோடு இறங்கி வருவார்.

அந்த நால்வருக்கும் ரெக்கார்டு ஒப்பந்தம் வேண்டுமாம். பென் டிரைவில் மூன்று பாட்டு, நீட்டிய இடத்திலெல்லாம் "கேட்டுட்டுச் சொல்றோம்." இவர்களுக்கு என்.எச்.7 வீக்கெண்டர் இசை விழா 2010-இல் இங்கேதான் பிறந்தது என்ற பெருமை வேறு.

டெல்லியின் மெட்டல் குழு பிளடிவுட்டைப் பாருங்கள். யூடியூபில் கேலிப் பாட்டில் தொடங்கி, 2019-இல் ஜெர்மனியின் வாக்கன் மெட்டல் விழா மேடை ஏறி, 2022-இல் 'ரக்‌ஷக்' ஆல்பத்தைத் தாங்களே வெளியிட்டார்கள். அமெரிக்காவின் ஃபியர்லெஸ் ரெக்கார்ட்ஸ் வழியாக ஆல்பம் வந்தது 2025-இல். கடன் தேவைப்படாதவனுக்குத்தானே வங்கி மேனேஜர் நாற்காலி இழுத்துப் போடுவார்!

மும்பை மெட்டல் குழு டெமானிக் ரெசரெக்‌ஷனின் சாஹில் மகிஜா இன்னும் விவரமானவர். லேபிளைத் தேடி அலையாமல் டெமன்ஸ்டீலர் ரெக்கார்ட்ஸ் என்று தாமே ஒன்றைத் தொடங்கிக்கொண்டார். பிரிட்டனின் கேண்டில்லைட் லேபிளும் பிறகு வந்தது. ஆனாலும் ஊரில் பாதிப் பேருக்கு அவரைத் தெரிவது 'ஹெட்பேங்கர்ஸ் கிச்சன்' கீட்டோ சமையலால்தான். தொண்டை கிழியக் கத்தியதைவிடப் பனீர் வதக்கியது தூரம் போயிருக்கிறது.

நம் பையன்களில் டிரம்மர் மட்டும் இப்போது முட்டா ஆற்றங்கரையில் டோல் பதக் (மேளக் குழு) பயிற்சிக்குப் போகிறான். அங்கே யாரும் டெமோ கேட்பதில்லையாம். போன வாரம் ஆஜியே அவனுக்கு மோதகம் கொடுத்தனுப்பினார்.