பதம் பார்ப்பவர்கள்

கணினிப் பார்வைப் பாடநூல் மாணவருக்கு ஏற்றதா என்று தீர்ப்பெழுதுவது எப்போதும் பேராசிரியர்கள்தான். சோற்றைப் பதம் பார்ப்பது பசியில்லாதவர். ரிச்சர்ட் செலிஸ்கியின் நூலுக்கு 2022இல் இரண்டாம் பதிப்பு; 900 பக்கங்களுக்கு மேல். சொந்தப் படிப்புக்கு இணையத்தில் இலவசம், புண்ணியவான். நேரியல் இயற்கணிதம் பின்னிணைப்பில் இருக்கிறது. ஆகவே மலேசியாவின் கம்பாரில் படிக்கும் மாணவன் புத்தகத்தைக் கடைசியிலிருந்து திறப்பான்.

அடுத்து அவனுடைய இறுதியாண்டுச் செயல்திட்டம்: செம்பனைக் குலை பழுத்ததா என்று படத்தைப் பார்த்துக் கணினி சொல்ல வேண்டுமாம். சுங்கை சிப்புட் பக்கம், ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டத்தில், அவன் மாமா முதலில் பார்ப்பது கீழே உதிர்ந்த பழத்தை; அப்புறம்தான் அரிவாளை நீட்டுவார். மாணவன் எடுத்த படம் எதிலும் தரையே இருக்காது.

“தரை எந்த அத்தியாயத்தில வருது, தம்பி?” என்பார் மாமா.