மாமாவுக்கு ஒரு துப்பாக்கிக் கணக்கு

கோவில்பட்டி மாமா அவர்களுக்கு டல்லாஸ் மருமகன் வணக்கம்.

மாமா அனுப்பிய வாய்ஸ் மெசேஜை மருமகன் கேட்டான். மச்சான் குடும்ப வாட்ஸ்அப்பில் கொளுத்திப் போட்டது பாதிச் செய்திதான். “மாப்பிள்ளை துப்பாக்கி வாங்கப் போறாராமே, அங்க யாரும் மிரட்டுறாங்களா?” என்று மாமா பதறியதில் நியாயம் உண்டு. யாரும் மிரட்டவில்லை. புல் உயரமாக வளர்ந்துவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர் அவ்வப்போது நினைவூட்டுகிறார், அவ்வளவே. விஷயம் வெறும் விளையாட்டு. ஊருக்கு வெளியே மாட்டுப் பண்ணை நிலத்தில் ஒரு சுடுதளம். 1000 கெஜம், அதாவது 914 மீட்டர் தள்ளி ஓர் இரும்புத் தட்டு தொங்கும். நம் வீட்டுத் திண்ணையில் குப்புறப் படுத்துக்கொண்டு மார்க்கெட் ரோட்டுக் கடலைமிட்டாய்க் கடையின் தராசுத் தட்டைக் குறிவைப்பது மாதிரி.

அலுவலக நண்பர் கூட்டிப்போனார். முதல் தடவை மருமகன் தொலைநோக்கியில் வேடிக்கை பார்த்ததோடு சரி. துப்பாக்கியைத் தொடவில்லை. தொட்டால் குற்றம்.

அமெரிக்காவில் காய்கறிக் கடை போல துப்பாக்கிக் கடை இருக்கிறது என்று மாமா டிவியில் பார்த்திருப்பார்கள். அது குடிமக்களுக்கும் பச்சை அட்டைக்காரர்களுக்கும். வேலை விசாவில் வந்தவன் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது. சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றில் மருமகனைப் போன்றவர்களுக்கு ஒத்துவருவது ஒன்றுதான்: ஏதாவது ஒரு மாநிலத்தின் வேட்டை உரிமம் கையில் இருக்க வேண்டும். வேட்டையாட வேண்டும் என்று கட்டாயமில்லை. வேட்டைக்காரனாக இருந்தால் போதும்.

பக்கத்துத் தெருவில் கோழி வறுத்தால் ஜன்னலைச் சாத்தும் குடும்பத்து மாப்பிள்ளை இப்படித்தான் வேட்டைக்காரன் ஆனான். டெக்சாஸில் 1971 செப்டம்பர் 2-ஆம் தேதியன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைக் கல்வி படித்துத் தேற வேண்டும். மருமகன் கணினி முன் உட்கார்ந்து படித்தான். மானின் தோள்பட்டைக்குப் பின்னால் எங்கே குறிவைத்தால் இதயமும் நுரையீரலும் கிடைக்கும், விழுந்த மானின் குடலை ஏன் தாமதிக்காமல் எடுக்க வேண்டும், வெயிலில் இறைச்சி கெடாமல் எப்படிக் காப்பது, எல்லாம் பாடம். அடுப்படியில் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்த மாமாவின் மகள் சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள். மருமகன் தேறிவிட்டான். பொறியியலில் அரியர் வைத்தவனுக்கு இது பெருமைதானே.

உரிமம் 25 டாலர். கூடவே மானுக்கும் வான்கோழிக்குமான சீட்டுகள் வந்தன. அடித்த விலங்கின் உடம்பில் கட்ட வேண்டியவை. தடித்த தாள், நன்றாக எழுத வருகிறது. ‘துவரம்பருப்பு 2, பெருங்காயம் 1’ என்று மாமாவின் மகள் ஒரு மான் சீட்டின் பின்னால் எழுதி அனுப்ப, இந்தியக் கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இத்தோடு முடியவில்லை. டெக்சாஸ் உரிமம் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு காலாவதி. விதிவிலக்கோ உயிருள்ள உரிமத்துக்குத்தான். அன்று நள்ளிரவு வரை மருமகன் வேட்டைக்காரன். மணி பன்னிரண்டு தாண்டினால், புது உரிமம் எடுத்திராவிட்டால், அலமாரிக்குள் துப்பாக்கி வைத்திருக்கும் குற்றவாளி. புதியவை ஆகஸ்ட் நடுவில் விற்பனைக்கு வரும். ஆகவே வீட்டுக் காலண்டரில் பிள்ளையார் சதுர்த்திக்குப் பக்கத்தில் ‘வேட்டை’ என்று சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறது. நம் மேலத்தெருக்காரர் தேர்தலுக்குத் தேர்தல் இரட்டைக்குழலைத் துணியில் சுற்றி ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வருவாரே, அவர் கொடுத்துவைத்தவர். அவருக்குத் தேர்தல் ஐந்தாண்டுக்கு இரண்டு மூன்று.

ஜீவகாருண்யம் பற்றி அத்தை கேட்டால் ஒரு பதில் இருக்கிறது. 1937-இல் வந்த ஒரு சட்டப்படி, இங்கே ரைபிளுக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் 11 சதவீத வரி காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது. வேட்டைக்காரன் என்று பெயர் வாங்கிக்கொண்டு மானுக்குத் தீவனச் செலவு கொடுக்கப்போகிறான் மருமகன்.

இனி விலை. தீப்பெட்டி ஆபீஸில் பேரேடு எழுதிய மாமாவிடம் ஒளிக்க முடியாது.

சுடுதளத்தில் எல்லோரும் சொல்லும் பெயர் 6.5 கிரீட்மோர். ஹார்னடி நிறுவனம் 2007-இல் கொண்டுவந்த தோட்டா. 1952-இல் வந்த .308 வின்செஸ்டரைவிட இதன் உதை குறைவு, காற்றிலும் குறைவாகத்தான் ஒதுங்கும். பெயர் நியூயார்க் பக்கத்திலிருந்த பழைய சுடுதளத்துடையது. 1874-இல் அங்கே அயர்லாந்துக்காரர்களும் அமெரிக்கர்களும் 800, 900, 1000 கெஜத்தில் மோதினார்கள். அயர்லாந்து அணியில் மில்னர் என்பவர் அருமையாக நடுப்புள்ளியில் சுட்டார், பக்கத்துக்காரரின் பலகையில். அதற்குப் பூஜ்யம். கடைசிக் குண்டு அமெரிக்கக் கர்னல் போடைனுடையது. இஞ்சி பீர் பாட்டில் வெடித்துக் கை கிழிந்து ரத்தம் சொட்ட, கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு படுத்து அடித்தார். 934-க்கு 931. மூன்று புள்ளியில் அமெரிக்கா ஜெயித்தது.

அந்தப் பெயருக்காகவே மருமகன் விழுந்துவிட்டான். ஆனால் ரைபிள் மலிவாகவே கிடைக்கிறது என்பதை மாமா கவனிக்க வேண்டும். ரூகர் அமெரிக்கன் பிரிடேட்டர், சாவேஜ் ஆக்ஸிஸ் இரண்டும் சுமாராக 500, 600 டாலருக்குள். ஆக்ஸிஸ் அதிலும் சல்லிசு. இரண்டிலும் பிளாஸ்டிக் கட்டை லொடலொடவென்று இருக்கும். குழல் மட்டும் நேர்மையானது. கொஞ்சம் மேலே போனால் ஜப்பானின் ஹோவா 1500, பின்லாந்தின் டிக்கா டி3எக்ஸ், ஸ்பெயினின் பெர்காரா பி-14. பின்லாந்துக்காரனுடைய போல்ட்டை ஒருமுறை இழுத்துவிட்டால் மற்றதைத் தொட மனம் வராது. எண்ணெயில் வழுக்குகிறது. அதனாலேயே மருமகன் இரண்டாவது முறை இழுக்கவில்லை.

இவற்றில் நல்ல தோட்டா போட்டால் குண்டுகள் பெரும்பாலும் ‘ஒரு நிமிடக் கோண’ வட்டத்துக்குள் விழும். பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 100 கெஜத்தில் ஏறக்குறைய 2.7 சென்டிமீட்டர், 1000 கெஜத்தில் 27. துப்பாக்கி தன் வேலையைச் செய்துவிடும். மிச்சம் வானமும் பூமியும் மருமகனும். பூமி அந்தத் தோட்டாவை 1000 கெஜம் போவதற்குள் ஏழெட்டு மீட்டர் கீழே இழுத்துவிடும். மணிக்கு 10 மைல் பக்கக் காற்று ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளும். இரண்டையும் திருத்த, ரைபிள் மேல் மாட்டும் ஸ்கோப்பின் குமிழைக் கிளிக் கிளிக்கென்று திருக வேண்டும். திருகியது திருகிய இடத்தில் நிற்க வேண்டும், திரும்பிவந்தால் பழைய இடத்துக்கே வர வேண்டும். அந்த நம்பிக்கைக்குத்தான் காசு. ரைபிள் விலை எவ்வளவோ அவ்வளவாவது கண்ணாடிக்குப் போடு என்பது இங்குள்ள பெரியவர்கள் வாக்கு. 1000 டாலர் ரைபிளில் 150 டாலர் ஸ்கோப் மாட்டுவதைவிட 500 டாலர் ரைபிளில் 700 டாலர் ஸ்கோப் மாட்டுவதே புத்திசாலித்தனம் என்பதில் மருமகனுக்குச் சந்தேகமே இல்லை.

அப்புறம் தோட்டா. போட்டித் தரத்தில் ஒரு தோட்டா ஒன்றரை டாலருக்குக் குறையாது. 6.5 கிரீட்மோர் குழல் இரண்டாயிரம், மூவாயிரம் தோட்டாவில் துல்லியம் தேய்ந்துவிடும். இரண்டாயிரம் என்றே வைத்தாலும் குழல் தேய்வதற்குள் தோட்டாவுக்கு மட்டும் 3000 டாலர். தேய்மானக் கணக்கை மாமா ரூபாயில் போட வேண்டாம். அத்தை பக்கத்தில் இருந்தால் டாலரிலும் வேண்டாம்.

நண்பரின் ரைபிளில், உரிமம் வந்த பிறகு, மருமகன் சுட்டுப் பார்த்தான். கட்டைக்கு அடியில் முட்டுக்கொடுக்க விற்கும் பையின் விலையைப் பார்த்துவிட்டு, பழைய காலுறையில் பொன்னி அரிசியை நிரப்பி முடிச்சுப் போட்டுக் கொண்டுபோயிருந்தான். அதை மூன்று பேர் படம் எடுத்தார்கள். மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி, விசையை விரல் நுனியால் அழுத்த வேண்டும். உதைத்த பிறகு ஒன்றும் நடக்காது. தோட்டா போய்ச் சேர ஒன்றரை நொடி. பட்டால் தட்டு ஆடும். அந்த ‘ணங்’ திரும்பி வர இன்னும் இரண்டரை நொடிக்கு மேல். அதுவரை உலகத்தில் யாரும் பேசமாட்டார்கள். வராவிட்டால் காற்றைத் திட்டுவார்கள்.

ஆக, மருமகன் எடுத்த முடிவு: முதலில் ஒரு .22 ரைபிள். 50 கெஜத்துக்குச் சரிசெய்த .22 தோட்டா 200 கெஜத்தில் ஒரு மீட்டருக்கு மேல் விழுகிறது, சிறு காற்றுக்கும் ஒதுங்குகிறது. பெரிய பாடமெல்லாம் சின்னக் காசில். தோட்டா பத்துப் பதினைந்து சென்ட். கை தேறிய பிறகு ரூகர். நல்ல ஸ்கோப்பை இப்போதே வாங்கி, பிறகு அதில் மாற்றிக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் மனதை அறுக்கிறது, மாமா. வேட்டை உரிமம் பணம் கட்டியதும் கைக்கு வந்தது. பச்சை அட்டைக்கு வரிசையில் நின்றதில் பிள்ளைக்கு மீசை முளைக்கப்போகிறது. எந்த நாடானாலும் ஆண்டுக்கு 7 சதவீதம்தான் என்று ஒரு வரம்பு. ஜனத்தொகை நம்முடையது, பங்கு எல்லோருக்கும் ஒன்று. பங்குனித் திருவிழாவுக்கு வராததற்கும் துப்பாக்கிச் செலவு காரணமில்லை. வந்தால் திரும்பி வர விசா முத்திரை வேண்டும், அதற்குத் தேதி கிடைக்கவில்லை. தேர் நிலைக்கு வருகிற வீடியோவை மச்சான் முழுசாக அனுப்பட்டும். போன வருஷம் பாதியில் தன் முகத்தைக் காட்டிவிட்டான்.

அத்தைக்கு இதைப் படித்துக் காட்டும்போது மான் குடல் வரும் இடத்தை மாமா தாண்டிவிட வேண்டும். பொன்னி அரிசியையும்.