எழுதிக் கொடுப்பவர் அமெரிக்கா, எழுதி வாங்குபவர் எங்கள் ஊர்ப் பையன்

அனுப்புநர்:
ஓர் ஆவண எழுத்தர்,
சார்பதிவாளர் அலுவலக வாசல்,
கும்பகோணம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
அமெரிக்கக் குடியுரிமை மற்றும் குடிவரவுச் சேவைத் துறை.

பொருள்: இபி-5 பிரிவில் தாங்கள் வழங்கும் இரண்டாண்டு நிபந்தனைக் கிரீன் கார்டு – தொழில்முறைப் பாராட்டு தெரிவித்தல் மற்றும் ஒரு சந்தேகம் கேட்டல் – தொடர்பாக.

பார்வை: 1990-ஆம் ஆண்டு குடிவரவுச் சட்டம், 2022 மார்ச் 15-இல் கையெழுத்தான இபி-5 சீர்திருத்தச் சட்டம்.

ஐயா,

கிரயம், தானம், பாகப்பிரிவினை, விடுதலை என்று பத்திரம் எழுதிப் பிழைப்பவன் நான். சொத்தைக் கொடுத்தும் கொடுக்காமலும் வைத்துக்கொள்ள எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கேட்கும் வாசகங்களையெல்லாம் எழுதிக் கை பழகியவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: தங்கள் நிபந்தனையையும் அதை நீக்கக் கேட்கும் ஐ-829 மனுவையும் வடித்த கைக்குத் தங்க மோதிரம் போட வேண்டும்.

விவரம் தெரியாதவர்கள் சிலர், கம்பெனி வாங்கிக் கொடுக்கும் கிரீன் கார்டுக்கே இரண்டு வருஷக் கெடுவாம் என்று டீக்கடையில் கிளப்பிவிட்டார்கள். தங்கள் தரப்பில் நான்தான் வாதாடினேன். வேலைவாய்ப்பு வழியில் தாங்கள் வைத்திருக்கும் ஐந்து பிரிவுகளில் முதல் நான்கிலும் அப்படி ஒரு கெடு கிடையாது. படிப்பையும் உழைப்பையும் காட்டி வருகிறவனுக்குப் பத்தாண்டு அட்டை, நிபந்தனை ஏதுமில்லை. இரண்டாண்டுக் கெடு இபி-5 என்னும் ஐந்தாம் பிரிவில் பணம் போட்டு வருகிறவருக்கு மட்டும். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகாத ஜோடிகளுக்கும் 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி இதே கெடு உண்டு. அது வேறு கதை. ஆக, உழைப்பவனை முழுக்க நம்பி, ஒரு நிபந்தனையும் போடாத அரசு தங்கள் அரசு. அட்டையை மட்டும் கொடுப்பதில்லை.

இந்த ஐந்து பிரிவுகளுக்கும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 1,40,000 விசா, அதில் மனைவி மக்களும் அடக்கம். எந்த நாட்டுக்காரருக்கும் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. ஐஸ்லாந்துக்கும் அதே 7, இந்தியாவுக்கும் அதே 7. பந்தியில் இப்படிப் பாகுபாடில்லாமல் பரிமாறுவதை நான் கண்டதில்லை. 2025-இல் வந்த விசா புல்லட்டின்களைப் பார்த்தால், இரண்டாம், மூன்றாம் பிரிவு இந்தியர்களில் 2013-இல் வரிசையில் நின்றவர்களின் முறையே அப்போதுதான் நடந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்து மிராசுதார் ஒருவரின் மகன் டல்லாஸில் எச்-1பி விசாவில் இருக்கிறான். வரிசையில் நின்றபடியே அவனுக்குத் தலை நரைத்துவிட்டது. வேலை போனால் 60 நாளுக்குள் வேறு வேலை தேட வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி கட்ட வேண்டும். அவன் அப்பாதான் ஒரு நாள் என்னிடம் வந்து, "எழுத்தரே, உழைச்சா கிடைக்காதாம், காசு போட்டா கிடைக்குமாம். நிலத்தை வித்துரலாமா?" என்றார்.

விலை பெரிதுதான். கிராமப்புறத்திலோ வேலையின்மை மிகுந்த பகுதியிலோ போட்டால் 8 லட்சம் டாலர். மற்ற இடங்களில் பத்தரை லட்சம். நம் கணக்கில் குறைந்தது ஏழு கோடி ரூபாய். அந்தப் பணத்தால் பத்து அமெரிக்கர்களுக்கு முழுநேர வேலை கிடைக்க வேண்டும். கிராமப்புறத் திட்டங்களுக்கென்று இந்தப் பிரிவில் 20 சதவீதம் விசா ஒதுக்கியிருப்பதால் அங்கே வரிசை குறைவு. அமெரிக்காவிலேயே இருப்பவர், விசா எண் கைவசம் இருந்தால், முதலீட்டு மனுவையும் கிரீன் கார்டு மனுவையும் ஒன்றாகப் போடலாம் என்று 2022 சட்டம் வழி செய்திருக்கிறது. டல்லாஸ் பையனுக்கு வேலை இருக்கிறது, வரி கட்டுகிறான். அதெல்லாம் போதாது, இன்னும் பத்துப் பேருக்கு அவன் வேலை கொடுத்தால் தங்களுக்குத் திருப்தி. நியாயம்தான்.

அடுத்து, பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி. ஐயா, இங்கேதான் தங்கள் முன் நான் தலைவணங்குகிறேன். நிலத்தை விற்றது அப்பா. கிரயப் பத்திரம் காட்டினோம். அந்த நிலம் அவருக்கு எப்படி வந்தது? பாகப்பிரிவினைப் பத்திரம், தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, எல்லாவற்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு. ஒரு பகுதியைத் தாத்தா கிரயம் வாங்கியிருக்கிறாரே, அவருக்கு ஏது பணம்? வெற்றிலைக் கொடிக்கால் வருமானம். அதற்கு வருமான வரிக் கணக்கு? விவசாய வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி இல்லை, ஆகவே கணக்கும் இல்லை. ஒரு கவுளி வெற்றிலை என்ன விலைக்குப் போனது என்று 1970-களின் சந்தை நிலவரத்தை வக்கீலுக்கு விளக்கும் வேலை எனக்கு வாய்த்தது. இந்தப் பிறவியில் வெற்றிலைக்காகப் பிரமாண வாக்குமூலம் எழுதுவேன் என்று நான் நினைத்ததில்லை.

இன்னொன்று. எங்கள் நாட்டில் ஒரு மனைக்கு இரண்டு விலை என்பது தாங்கள் அறியாததல்ல. பத்திரத்தில் ஏறும் விலை ஒன்று, பையில் ஏறும் விலை ஒன்று. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அதை முழு விலைக்கும் கட்ட எந்த வாங்குபவருக்கு மனம் வரும்? ஆனால் பையில் வந்த பணத்துக்குத் தங்கள் சபையில் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. வேறு வழியில்லாமல் மிராசுதார் முழு விலையையும் பத்திரத்தில் ஏற்றச் சொன்னார். வாங்கியவர் அந்த 9 சதவீதத்தை விலையில் கழித்துக்கொண்டார். எங்கள் பதிவுத்துறை வழிகாட்டி மதிப்பை எத்தனை முறை திருத்தியும் வராத உண்மை, தங்கள் நிபந்தனைக்குப் பயந்து ஒரே நாளில் வந்துவிட்டது. தமிழ்நாடு அரசு தங்களுக்கு நன்றிக் கடிதம் எழுத வேண்டும்.

பணத்தை அனுப்புவது இன்னொரு யாகம். ரிசர்வ் வங்கி விதிப்படி ஓர் ஆள் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர்தான் வெளிநாட்டுக்கு அனுப்பலாம். அப்பா, அம்மா, அண்ணன் என்று மூன்று பேர் சேர்ந்தால் ஏழரை. அந்த ஏழரையைத் தாண்ட நான்காவதாக ஓர் அத்தை தேவைப்பட்டார், அல்லது மார்ச் 31 வரை பாதி, ஏப்ரல் 1-க்குப் பிறகு பாதி என்று காத்திருக்க வேண்டும். அத்தை சம்மதித்தார். உடனே, அத்தைக்குப் பணம் ஏது என்ற கேள்வி வந்தது.

இவ்வளவும் கடந்து பணம் போய்ச் சேர்ந்த பிறகு தங்கள் விதிகளில் ஒரு வாசகம் வருகிறது. அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்து மறுபடி படித்தேன். போட்ட பணம் இழப்புக்கு ஆளாகக் கூடியதாக இருக்க வேண்டும். திருப்பித் தருகிறேன் என்று யாராவது உறுதி கொடுத்தால் அது முதலீடே ஆகாது. எங்கள் ஊரில் சீட்டுக் கம்பெனிக்காரன் பணம் பத்திரமாகத் திரும்பும் என்று சத்தியம் செய்துவிட்டு ஓடிப்போவான். அதற்குப் பிறகுதான் போலீஸ் வரும். தாங்கள் அந்தச் சத்தியத்தையே தடை செய்துவிட்டீர்கள். பணம் போகலாம், வேலை மட்டும் தப்பாமல் பத்து உண்டாக வேண்டும்!

அந்தப் பத்தும் உடம்போடு எழுந்து நிற்க வேண்டியதில்லை என்பது ஒரு சலுகை. முதலீட்டைத் திரட்டித் திட்டங்களில் போடும் வட்டார மையங்கள் வழியாகப் போட்டால் பத்தில் ஒன்பது பங்கு வரை மறைமுக வேலையாக இருக்கலாம். கட்டடத்துக்கு இத்தனை கோடி செலவானால், சிமெண்டு விற்றவன், லாரி ஓட்டியவன், அவன் சாப்பிட்ட கடைக்காரன் என்று இத்தனை பேருக்கு வேலை உண்டாகியிருக்கும் என்று ஒரு பொருளியல் நிபுணர் கணிதச் சூத்திரம் போட்டுச் சொல்வார். தாத்தாவின் வெற்றிலைக்கு ரசீது கேட்ட துறை, அந்த வேலைக்காரர்களின் பெயர் என்ன என்று கேட்பதில்லை.

குறைந்த விலைக்குரிய ஏழைப் பகுதி எது என்று முன்பு மாநிலங்களே எல்லை வரைந்தன. மன்ஹாட்டனின் ஹட்சன் யார்ட்ஸ் கண்ணாடிக் கோபுரங்கள், ஹார்லெம் வரை நீண்டு நெளிந்த ஒரு வரைபடத்தின் புண்ணியத்தில் வேலையின்மைப் பகுதிக்குள் வந்தன. நூறு கோடி டாலருக்கும் மேல் இந்தப் பணம் அங்கே போனது. 2022-இல் அந்த எழுதுகோலைத் தாங்களே வாங்கிக்கொண்டது நல்ல காரியம். எங்கள் ஊர் நில அளவையரிடம் சொன்னேன்; அந்த வரைபடத்தை ஒரு முறை பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

மோசடி நடந்தால் நிபந்தனை யார் தலையில் விழும் என்பதற்கு வெர்மான்ட் மாநிலத்து ஜே பீக் பனிச்சறுக்கு விடுதி சாட்சி. 2016 ஏப்ரலில் பங்குச் சந்தை ஆணையம் வழக்குப் போட்டது. இபி-5 முதலீட்டாளர்களிடம் 35 கோடி டாலருக்கு மேல் திரட்டிய பணம். விடுதியை நடத்திய ஏரியல் கிரோஸுக்கும் பில் ஸ்டெங்கருக்கும் 2022-இல் சிறைத் தண்டனை. நியூபோர்ட் ஊர்க் கடைத்தெருவில் இடித்த கட்டடங்கள் இருந்த இடத்தில் பெரும் பள்ளம் மிஞ்சியது. பணம் போனவர்கள் பணத்துக்கு அழுவதா, உண்டாகாத வேலைக்காக அட்டைக்கு அழுவதா என்று தெரியாமல் நின்றார்கள். இப்போது நல்லெண்ணத்தோடு போட்டவர் வேறு திட்டத்துக்கு மாறிக்கொள்ள 180 நாள் அவகாசம் தந்திருக்கிறீர்கள். அது அறச்செயல், மறுக்கவில்லை.

இனி என் சந்தேகம். இரண்டாண்டு முடியும் முன் 90 நாளுக்குள் முதலீட்டாளர் ஐ-829 போட வேண்டும். தவறினால் அவர் குடியிருக்கும் உரிமை தானாகவே போய்விடும். அந்த மனுவின் கட்டணத்தை 2024 ஏப்ரலில் 3,750 டாலரிலிருந்து 9,525 ஆக்கினீர்கள். கட்டினால் ரசீது வரும். அந்த ரசீது அட்டையின் ஆயுளை நீட்டிக்கும். 24 மாதமாக இருந்த நீட்டிப்பை 2023 ஜனவரியில் 48 மாதமாகக் கூட்டினீர்கள். இரண்டும் நான்கும் ஆறு வருஷம். ஐந்து வருஷத்தில் ஒருவர் குடியுரிமைக்கே மனுப் போடலாம். அமெரிக்கராகவே ஆகத் தகுதி வந்த ஆள், அமெரிக்காவில் தங்கலாமா என்ற பதிலுக்குக் காத்திருப்பார். குடியுரிமை மனு ஐ-829-ஐத் தாண்ட முடியாது என்பதால் இரண்டு கோப்புகளும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும்.

இதற்கு ஒரு திருத்த வாசகம் எழுதித் தரலாம் என்று முத்திரைத்தாளை எடுத்து வைத்தேன்: எழுதிக் கொடுக்கும் துறையானது மனு கைக்குக் கிடைத்த இத்தனை நாளுக்குள் ஆம், இல்லை என்று சொல்லக் கடமைப்பட்டது, என்று. தொழில் தர்மப்படி மூலப் பத்திரத்தைப் பார்க்காமல் திருத்தம் எழுதக் கூடாது. குடிவரவுச் சட்டத்தின் 216-ஏ பிரிவைப் படித்தேன். அந்த வாசகம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது ஐயா! மனுப் போட்ட நாளிலிருந்தோ நேர்காணலிலிருந்தோ, எது பிந்தியதோ, அதிலிருந்து 90 நாளுக்குள் துறை முடிவு சொல்ல வேண்டும். முதலீட்டாளரின் 90 நாளும் துறையின் 90 நாளும் ஒரே பிரிவில் அக்கம்பக்கத்தில் குடியிருக்கின்றன. முதலாவது தவறினால் அட்டை போகிறது. இரண்டாவது தவறினால் என்ன போகிறது என்று மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறார்கள். பத்திர எழுத்தருக்கு அந்த இடத்தில் தனியாகக் கூலி கொடுத்திருப்பார்கள் போலிருக்கிறது.

இந்தக் கடிதம் கிடைத்ததற்கு ஒரு ரசீது அனுப்பிவைக்கக் கோருகிறேன். அதில் 48 மாதம் என்று மட்டும் போட வேண்டாம். எனக்கு எழுபத்திரண்டு நடக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நிபந்தனைக்குக் கட்டுப்படாத,
ஆவண எழுத்தர்