அடையாச் செவியியல்

நூல் செய்கிறவன் முதலில் பாயிரம் சொல்ல வேண்டும். சிறப்புப் பாயிரத்துக்கு நன்னூலார் எட்டு உறுப்பு கேட்கிறார், கொடுத்துவிடுவோம். ஆக்கியோன், இரண்டு ஜோடி இயர்பட்ஸில் தலா ஒன்றைத் தொலைத்தவன். வழி, கடைக்காரர் வாய்மொழி. எல்லை, மேற்கே செங்கல்பட்டு சந்திப்பு, கிழக்கே மாமல்லபுரத்துக் கடல், வடக்கே கோவளம், தெற்கே சதுரங்கப்பட்டினம். நூற்பெயர் மேலே உள்ளது. யாப்பு, பஸ்ஸில் எழுதிய உரைநடை. அதன் மேடுபள்ளங்கள் சாலையைச் சேர்ந்தவை. நுதலிய பொருள், ஆயிரம் ரூபாய்க்கு முன்பின்னாகக் கிடைக்கிற, காதுத் துளையை அடைக்காத, ஒயர் இல்லாத இயர்பட்ஸ். பயன், மூன்றாவது ஜோடி தொலையாமை. எஞ்சிய உறுப்பு ‘கேட்போர்’. அந்த உறுப்புக்கு இவ்வளவு பொருத்தமான நூல் இதுவரை தமிழில் எழுந்ததில்லை என்பது ஆசிரியன் துணிபு.

இனிப் பெயர். இக்கருவிக்கு உலக வழக்கில் ‘புளூடூத்’ என்று பெயர். அது பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் அரசன் ஹரால்டின் பட்டப்பெயர். செங்கல்பட்டில் அவ்வரசனைத் தினமும் காலையில் தலையணைக்கு அடியில் தேடுகிறார்கள். மற்றொரு பெயர் ‘ஏர்பாட்’. 2016 டிசம்பரில் ஆப்பிள் விற்பனைக்கு விட்ட ஒரு பொருளின் பெயர், அந்த உருவத்தில் காம்பு தொங்கும் எல்லாவற்றுக்கும் ஆகிவந்தது. இனி ஆகுபெயர் நடத்த வகுப்பில் வெற்றிலை நட வேண்டியதில்லை.

வகைகளை ஆராயப் புகுந்தால், அடிப்படைப் பிரிவைக் கடைக்காரர் முன்பே செய்து முடித்திருக்கிறார்: “ரப்பர் வச்சதா, ரப்பர் இல்லாததா?” இதைவிடத் தெளிவாக எந்த நூற்பாவும் சொல்லாது. ஆயினும் நமக்குப் புலமை காட்ட வேண்டியிருப்பதால், உகரம் முற்றியலுகரம், குற்றியலுகரம் என்று நிற்பதுபோல, இவற்றை முற்றடைப்பு, குற்றடைப்பு என்போம். இவற்றின் புறத்தே கவ்வி, கொக்கி, எலும்பொலி என மூன்று உண்டு.

முற்றடைப்பு நம் நூலுக்குப் புறம்பு. என்னை எனின், அதை மாட்டிக்கொண்டு ஒரு முறுக்கைக் கடித்துப் பார்க்க. தாடையின் அதிர்வு எலும்பு வழியே காதுத் துளையின் சுவருக்கு வருகிறது. துளை திறந்திருந்தால் தணிந்த ஒலிகள் வாசல் வழியே வெளியே போய்விடும்; ரப்பர் அடைத்தால் திரும்பிச் செவிப்பறைக்கே போகும். மாமல்லபுரத்தில் எல்லாருக்கும் கல்லை வெளியே உடைக்கிறார்கள், முற்றடைப்பானுக்கு மட்டும் தலைக்குள்ளே. தன் குரலும் தன் காலடியும் அவனுக்கு இடியோசை. கடற்கரைப் புழுக்கத்தில் அடைபட்ட துளை வியர்க்கும். குறும்பி உள்ளே தள்ளப்படும். ஈரத்தை விரும்பும் பூஞ்சை குடிவரும்.

இதற்குத் தொல்காப்பியர் பக்கமும் சான்று உண்டு. உயிர்களை அறிவால் அடுக்கியபோது அவர் செவியை ஐந்தாவதாகவும் மனத்தை ஆறாவதாகவும் வைத்தார். நண்டுக்கு நாலறிவுதான், செவி இல்லை. முற்றடைப்பு மாட்டி ஈ.சி.ஆரைக் குறுக்கே கடப்பவனைக் கணக்கிடுக. ஐந்தாவது அடைபட்டது. ஆறாவது பாட்டில் இருக்கிறது. எஞ்சியவை நான்கு. அவன் நண்டு.

இனிக் குற்றடைப்பு. துளைக்கு முன்னே உள்ள குழிவில் உட்கார்ந்து, வாசலை ஒருக்களித்து வைத்திருப்பது இது. பேஸ் எனும் தணிந்த ஒலி ஒழுகிவிடும், அதை ஈடுகட்டத்தான் உள்ளே ஒலியெழுப்பும் டிரைவரை 13 மில்லிமீட்டர் அளவில் பெரிதாக வைக்கிறார்கள். தவிலை நெஞ்சில் உணர வேண்டும் என்பவர் இந்நூலை இங்கேயே மூடிவிடலாம். டிரைவர் பெரிதானால் தலையும் பெரிதாகும். சிறிய காதுக்காரருக்கு அரைமணியில் வலிக்கும், பெரிய காதுக்காரருக்கு நழுவும். ஆக்கியோனின் முதல் ஜோடியில் இடது, திருக்கழுக்குன்றத்தில் பஸ் திரும்பியபோது சீட்டுக்கும் ஜன்னலுக்கும் நடுவே போய்ச் சேர்ந்தது. கடையில் மாட்டிப் பார்க்க விடமாட்டார்கள். நண்பர் காதிலிருப்பதை வாங்கி, துடைத்து, மாட்டி, தலையை ஆட்டிப் பார்ப்பதே வழி.

பெட்டியில் ‘ஏ.என்.சி.’ என்றிருந்தால் ஏமாறற்க. வரும் இரைச்சலுக்கு எதிரலை எழுப்பி அழிக்கும் வித்தை அது. வாசல் திறந்த காதில் இந்த விலைக்கு அதை எதிர்பார்ப்பது ஜன்னலைத் திறந்துவைத்து ஏ.சி. போடுவதை ஒக்கும். ‘இ.என்.சி.’ என்பது வேறு. அது மைக்குக்கு, எதிர்முனையில் கேட்பவருக்கே நன்மை. ஈகையில் சேர்க்க.

சரி, வாசல் எவ்வளவு திறந்திருக்கிறது என்று அளப்பது எப்படி? இங்கேதான் இந்நூல் தன் எல்லைக்குக் கடன்படுகிறது. மாமல்லபுரத்துச் சிற்பிகள் கல்லைத் தட்டிக் கேட்டே பால் பகுக்கும் மரபினர். மணிபோல் கணீரென்றால் ஆண் கல், ஓசை மென்மையாக இருந்தால் பெண் கல், மொத்தென்று அடங்கினால் இரண்டிலும் சேராதது; அது அடித்தளத்துக்குப் போகும். 1957இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரி உள்ள ஊர் என்பதால் உளிச் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. பட்ஸை மாட்டிக்கொள்க, பாட்டுப் போடாமல் ஐந்து ரதத்துக்குப் போகும் சாலையில் ஒரு பட்டறை முன் நிற்க. உளி கணீரென்றால் அடையாச் செவி. சற்று மெலிந்தால் குற்றடைப்பு. மொத்தென்றால் கடைக்காரர் ரப்பர் வைத்ததைக் கொடுத்துவிட்டார். அவர்கள் காதை நம்பிக் கல்லைச் சோதிக்கிறார்கள். நாம் கல்லை நம்பிக் காதைச் சோதிக்கிறோம்.

தடை: “திறந்த காதில் இரைச்சல் புகும், புகுந்தால் சத்தத்தைக் கூட்டுவான், கூட்டினால் செவி கெடும்.” இது நல்ல தடை, எளிதில் ஒதுக்க முடியாது. பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணிநேரம் என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு சொல்கிறது. 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும். விடை: உளியின் இடத்தைக் கிரைண்டர் பிடித்துவிட்ட பட்டறையில் மாட்ட வேண்டியது காதுகாப்புச் சாதனம், பட்ஸ் அன்று. பஸ்ஸிலோ, கண்டக்டர் “டிக்கெட்” என்பது காதில் விழாவிட்டால் சத்தம் மிகை.

கவ்வி, காதுமடலின் ஓரத்தைப் பிடிப்பது. போஸ் நிறுவனம் 2024 பிப்ரவரியில் 299 டாலருக்கு இதை விற்றது. அதன் சாயலில் மலிவானவை இப்போது நிறைய. வாசலை இது முழுதும் திறந்தே விடும். மாட்டலும் ஜிமிக்கியும் அணிகிறவருக்கு இடத்தகராறு. கொக்கி, காதின் பின்புறம் வளைவது. அங்கே முன்பே மூக்குக்கண்ணாடியின் கம்பி குடியிருக்கிறது, மேலே ஹெல்மெட் வேறு. எலும்பொலி, எலும்பு வழியே ஒலியைக் கடத்துவது. அதை இந்த விலையில் தேடவே வேண்டாம்.

உப்பு தனி அதிகாரம். ‘ஐ.பி.எக்ஸ். 4’ என்பது தெறிக்கும் நல்ல தண்ணீருக்கான சான்று. அந்தச் சோதனையில் கடலுக்கு இடமில்லை, கேஸுக்கும் பெரும்பாலும் இல்லை. கடற்கரைக்கோயில் காற்றில் ஒரு மாலை உட்கார்ந்துவிட்டு, வியர்வையோடு கேஸில் போட்டால் சார்ஜ் ஏறும் புள்ளிகளில் களிம்பு பிடிக்கும். உலர்ந்த துணியால் துடைத்துப் போடுக.

புறனடை. இவ்வகைகளில் அடங்காதது ஒன்று, அதே கோயிலுக்குப் போகும் வழியில் சங்கு விற்கிறவர்களிடம் கிடைக்கிறது. காதில் வைத்தால் கடல் கேட்கும் என்பார்கள். சுற்றிலும் உள்ள சத்தத்தில் சிலவற்றை அதன் உட்குடைவு பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். அமைதியான அறையில் அந்தக் கடல் உள்வாங்கிவிடும். நிஜக் கடல் முதுகுக்குப் பின்னால் இருக்க, சங்கைக் காதில் ஒட்டவைத்துக் கேட்டுத் தலையாட்டுகிறவர்களைப் பார்க்கலாம். சார்ஜ் வேண்டாம். விலை பேசினால் குறையும். இடது வலது இல்லாததால், பஸ்ஸில் தொலைந்தால் முழுதாகவே தொலையும்.