பன்னிரண்டு ரூபாய் இடிக்குது

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து "பன்னிரண்டு ரூபாய் இடிக்குதே!" என்று குரல் வந்தால், அங்கே ஒரு நோட்டுக்காரர் குடியிருக்கிறார். எங்கள் தெருவில் மூன்று பேர்.

பாத்திரம் கழுவி நிமிர்கிற நேரம் பார்த்துத்தான் அந்த இரண்டு குயர் நோட்டு வெளியே வரும். தலையில் பிள்ளையார் சுழி. இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. சட்டைப்பை, மணிபர்ஸ், சாமி மாடத்துச் சில்லறை எல்லாவற்றையும் பாயில் கொட்டி எண்ணுவார். நோட்டுப்படி 1,498 இருக்க வேண்டும். இருப்பதோ 1,486. இனி அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது.

"காலையில பால் எத்தனை பாக்கெட்?"

"ரெண்டு."

"நீலமா, பச்சையா?"

"நீலம் தீந்துபோச்சு. பச்சைதான் இருந்துச்சு."

"அதைச் சொல்லணும்ல! அரை லிட்டருக்கு ரெண்டு ரூபாய் கூட. நாலு ரூபாய் கிடைச்சாச்சு. மிச்சம் எட்டு?"

பாதித் தூக்கத்தில் இருக்கும் பெண்ணை எழுப்பி ஜெராக்ஸ் கடைக்குப் போனாளா என்று கேட்பார். போயிருக்கிறாள், இரண்டு பக்கம், நாலு ரூபாய். இன்னும் நாலு. விளக்கை அணைத்த பிறகும் இருட்டில் அந்த நாலு ரூபாய் புரண்டு படுக்கும். பதினொன்றரைக்குத் திடுமென எழுந்து மருந்துக்கடைப் பையை உதறுவார். சில்லறை இல்லை என்று கடைக்காரர் கொடுத்த நாலு மிட்டாய் விழும். அப்பாடா என்று நினைக்காதீர்கள். மிட்டாய் செலவா, கையிருப்பா என்ற அடுத்த வழக்கு அப்போதுதான் தொடங்குகிறது. வாயில் போட்டால் செலவு, பையில் இருக்கும்வரை கையிருப்பு என்று தீர்ப்பாகி, மிட்டாய் நான்கும் சாமி மாடத்துக்குப் போய்விடும்.

சிலிண்டர் மாற்றிய தேதியைக் காலண்டரில் வட்டம் போடுவது, இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிச் சலுகையும் போய்விடும் என்று கடைசி வாரத்தில் மீட்டர் பெட்டியிடமே நிற்பது, இதெல்லாம் சில்லறை வியாதிகள்.

இவ்வளவு எழுதி எவ்வளவு மிச்சம் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. எழுதிவிட்டாலே சிக்கனம் என்று ஒரு நினைப்பு. மாதக் கடைசியில் கூட்டுவார், பெருமூச்சு விடுவார், புதுப் பக்கத்தில் பிள்ளையார் சுழி போடுவார். 'இதர' என்று ஒரு தலைப்பு உண்டு. அவருடைய டீ, வடை, நண்பர்களுக்கு வாங்கிக் கொடுத்த டீ, வடை எல்லாம் அதற்குள் அடக்கம். 'இதர' மட்டும் என்றைக்கும் இடிக்காது.

நானும் வேலைக்குப் போகிறேன். பஸ் ஸ்டாண்டில் இருபது ரூபாய்க்குப் பூ வாங்கி வைத்துக்கொண்டு வந்தால், செருப்பைக் கழற்றுவதற்குள் "எவ்வளவு?" பூ நன்றாயிருக்கிறது என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் சொன்னால் என்ன? அதை வரவில் எழுதுவதா செலவில் எழுதுவதா என்று தெரியாமல்தான் சொல்லவில்லையோ என்னவோ.

போகட்டும். தெருவைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருந்தேன்.

2016 நவம்பர் 8-ஆம் தேதி ராத்திரி, ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்தார்களே, அன்றைக்கு ஊரில் எத்தனையோ அடுக்களை டப்பாக்கள் வாய் திறந்தன. என் கடுகு டப்பாவும்தான். ஒன்பது ஐநூறு ரூபாய்த் தாள். நோட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேங்க் வாசல் வரிசையில் நின்று மாற்றிக்கொண்டு வந்து என் கையிலேயே கொடுத்தார். ராத்திரி நோட்டில் புதுசாக ஒரு வரி: 'கடுகு டப்பா, கையிருப்பு 4,500.'

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை கேட்டதில்லை. காய்க்காரம்மா கொசுறாகப் போடும் கறிவேப்பிலைக்கு நான் சொல்கிற ஐந்து ரூபாயை இத்தனை வருஷமாக நாள் தவறாமல் எழுதிக்கொண்டிருக்கிறார்.

நேற்று, "கறிவேப்பிலை ஏழு ரூபாய்" என்று சொல்லிப் பார்த்தேன். பேனா ஒரு நிமிஷம் நின்றது.

எழுதிவிட்டார்.