ஜெராய் மலையை நிபோங் திபாலிலிருந்து வாசிக்கும் முறை

ஒரு மலையின் வரலாற்றை எழுத நினைப்பவருக்கு மலை ஏறுவது கடைசி வேலை. அந்த மலையைத் தமக்கு முன்னால் யார் யார், எந்தப் பெயரில், எந்த ஏட்டில் எழுதி வைத்தார்கள் என்று பார்ப்பதே முதல் வேலை. கெடாவின் ஜெராய் மலைக்கு இந்த விதி மிகவும் பொருந்தும். நிபோங் திபாலில் இருக்கும் நமக்கு இன்னும் பொருந்தும். நம்முடையது கிரியான் ஆற்றங்கரைத் தாழ்நிலம். பக்கத்தில் மலை என்று சொல்லப் புக்கிட் பஞ்சோர் உண்டு, சற்று வடக்கே புக்கிட் மெர்தாஜம் உண்டு. அதற்கும் வடக்கே, கெடாவின் கடலோரத்தில், துணைக்கு வேறு மலையில்லாமல் 1,200 மீட்டருக்கு மேல் எழுந்து நிற்பது ஜெராய். மலாக்கா நீரிணைக்குள் நுழைந்த கப்பலோட்டிகள் நூற்றாண்டுக் கணக்காக அதைக் குறிவைத்தே திசை பிடித்தார்கள். அது ஒரு காலத்தில் தீவாக இருந்தது என்று கெடாவின் பழங்கதை நூலான மெரோங் மகாவங்சா சொல்கிறது. கடற்கரை அன்று இன்னும் உள்ளே தள்ளியிருந்தது என்று தொல்லியலாளரும் சொல்கிறார்கள். அடிவாரத்துச் சுங்கை பத்துவில் படகுத்துறையாக இருந்த இடம் இன்று கடலை விட்டு வெகுதூரம் உள்ளே கிடக்கிறது.

இந்த மலையைப் பற்றிய ஏடுகளைப் பார்க்க முப்பது ஆண்டுக்கு முன் லண்டனுக்கோ சிங்கப்பூருக்கோ கல்கத்தாவுக்கோ போக வேண்டும். பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வேண்டும். தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்தக் கடிதத்தை யார் கொடுப்பார்? இன்று ஜாவியிலோ சுங்கை பக்காப்பிலோ இருக்கும் ஐந்தாம் படிவ மாணவி கைப்பேசியிலேயே அந்த ஏடுகளில் பெரும்பகுதியைத் திறந்துவிடலாம். கதவு திறந்திருக்கிறது. உள்ளே எப்படி நடப்பது என்று நாம் சொல்லிக்கொடுக்கவில்லை. இந்தக் கட்டுரை அதற்காக.

தேடுபெட்டியில் இன்றைய பெயரை மட்டும் இட்டால் பாதி ஏடுகள் கண்ணில் படமாட்டா. ஆங்கிலேயர் இந்த மலையைக் கெடா பீக் என்றே எழுதினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிக்கைகளில் கெடா என்பதே குவெடா என்று க்யூ எழுத்தில் தொடங்கும். 1972இல் மலாய் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் குனோங், சுங்கெய் என்ற எழுத்துக்கூட்டல்களே வழக்கில் இருந்தன. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் 1845இலிருந்து கிடைக்கிறது. அச்சைப் படித்து எழுத்தாக்கும் கணினிக்கு அந்தக் காலத்து மங்கிய மை ஒத்துவராது. கெடாவின் கடைசி ஆங்கில எழுத்தான எச், தேய்ந்த அச்சில் பி ஆகிவிடும். ஒரு பெயரைத் தேடிக் கிடைக்கவில்லையென்றால் செய்தியே இல்லை என்று எழுந்துவிடக் கூடாது. மலையைச் சுற்றியிருக்கும் ஊர்ப் பெயர்களை இட்டுத் தேட வேண்டும். மெர்போக், யான், குரூண், பீடோங், செமெலிங் என்று ஒரு வட்டம் போட்டால் மலை நடுவில் அகப்படும்.

அடுத்தது, ஏட்டின் பெயரை வைத்து அதன் உள்ளடக்கத்தை முடிவு செய்யாமை. 1894இல் எஃப். டபிள்யூ. இர்பி ஜெராய் உச்சியில் பழைய கட்டுமானத்தின் எச்சத்தைக் கண்டார். அந்தச் செய்தி அரச ஆசியக் கழகத்தின் நீரிணைக் கிளை இதழில் வந்தது. அந்த இதழை வரலாற்று நூலகத்தில்தான் தேட வேண்டும் என்று எண்ணுவோம். செடிகொடி, பறவை, பூச்சி பற்றிய நூல்களைச் சேர்த்து வைத்திருக்கும் உயிர்ப்பல்வகைமை மரபு நூலகம் என்ற இணையதளத்தில் அதன் தொகுதிகள் இலவசமாகக் கிடக்கின்றன. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவை நடத்திய ரிட்லி அதில் ஓயாமல் எழுதியவர். அவருடைய செடிப் பட்டியல்கள் போன்றவற்றுக்காக அந்த இதழை வருடிப் பதிந்தவர்கள், அதோடு சேர்த்துக் கோயில் எச்சங்களின் செய்தியையும் நமக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஒரே ஒரு கல்லை எடுத்துக்கொண்டு இந்த முறையைச் செய்து பார்ப்போம். ஜேம்ஸ் லோ என்ற ராணுவ அதிகாரி செபராங் பிறையின் நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர். நம் மாவட்டமும் அவர் ஆளுகைக்குள் இருந்தது. 1834இல் செபராங் பிறையின் வடபகுதியில், இடிந்த செங்கல் கட்டடம் ஒன்றின் அருகே, எழுத்துப் பொறித்த பலகைக்கல் ஒன்றை அவர் கண்டெடுத்தார். நடுவில் ஒரு தூபியின் கோட்டுருவம், சுற்றி எழுத்து. அதை வங்காள ஆசியக் கழகத்துக்கு அனுப்பிவைத்தார். 1848ஆம் ஆண்டுத் தொகுதியில் அதைப் பற்றிய குறிப்பு வந்தது. அந்தத் தொகுதி இன்று இண்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் இருக்கிறது. கல் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புத்தகுப்தன் என்ற மாநாவிகன், அதாவது பெருங்கப்பல் தலைவன், தன் கடற்பயணம் நன்றாக முடிய வேண்டிச் செய்த வேண்டுதல் அது. அவனுடைய ஊர் ரக்தம்ருத்திகா. வங்காளத்தில் இருந்த பௌத்த ஊர் அது என்பது பலர் கருத்து. மொழி சமஸ்கிருதம், எழுத்து பல்லவ எழுத்தோடு உறவுடையது, காலம் ஐந்தாம் நூற்றாண்டை ஒட்டியது.

லோவின் காலத்தில் கல்லைப் படித்தவர்கள் எல்லாச் சொல்லையும் சரியாகப் படித்துவிடவில்லை. பின்வந்தவர்கள் திருத்தினார்கள். ஆகவே பழைய தொகுதியில் உள்ள முதல் வாசிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு கட்டுரை எழுதினால், கைவிடப்பட்ட ஒரு கருத்தை நூற்றைம்பது ஆண்டுக்கும் மேல் கழித்து உயிர்ப்பித்தவர் ஆவீர்கள். முதல் அறிக்கையைக் கல் எங்கே, எப்படிக் கிடைத்தது என்பதற்காகப் படிக்க வேண்டும். எழுத்தின் பொருளுக்கு அண்மைக் கால வாசிப்பைப் பார்க்க வேண்டும். லோ பார்த்து எழுதிய இன்னொரு எழுத்துப்பாறை செரோக் தோக்குனில் இருக்கிறது. புக்கிட் மெர்தாஜம் புனித அன்னாள் தேவாலய வளாகத்தில், மலை அடிவாரத்தில். ஜூலைத் திருவிழாவுக்கு நம் ஊரிலிருந்தும் ஆட்கள் போகிறார்கள். லோவின் ஏட்டைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு அந்தப் பாறைக்கு முன்னால் ஒருமுறை நின்று பாருங்கள். ஏட்டில் உள்ள படத்துக்கும் கல்லில் எஞ்சியிருப்பதற்கும் உள்ள இடைவெளி எந்தப் பேராசிரியரும் சொல்லித்தர முடியாத பாடம்.

பிறகு வந்தவர்களை விரைவாகச் சொல்லிவிடலாம். தைப்பிங் அருங்காட்சியகத்தோடு தொடர்புடைய ஐவர் எவன்ஸ் 1920களில் ஜெராய்ப் பகுதியை ஆராய்ந்தார். குவாரிச் வேல்ஸும் அவர் மனைவி டோரதியும் 1936, 1937இல் அடிவாரமெங்கும் தோண்டி, அறிக்கையை 1940இல் அரச ஆசியக் கழகத்தின் மலாயாக் கிளை இதழில் வெளியிட்டார்கள். அலஸ்டெர் லாம்ப் 1959, 1960இல் புக்கிட் பத்து பாஹாட் சண்டி என்ற பழங்கோயிலை மீட்டுக் கட்டினார். ஜேஸ்டோர் தளத்தில் இலவசக் கணக்கு ஒன்றைத் தொடங்கினால் இந்த இதழின் பக்கங்களை வீட்டிலிருந்தே படிக்கலாம்.

இப்போது நமக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். கடாரம், அதாவது பழைய கெடா. ராஜேந்திர சோழன் 1025இல் கப்பற்படை அனுப்பிக் கடாரத்தை வென்ற செய்தி தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கிறது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அச்சாகி, இணையத்திலும் கிடைக்கிறது. கைப்பேசிச் செய்திகளில் சுற்றும் கதை வேறு: ஜெராய் அடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில்களை ராஜேந்திரன் கட்டினான் என்பது. அந்தக் கல்வெட்டை முழுவதும் படித்தாலே இந்தக் கதை நிற்காது. அதில் வெற்றியும், கைப்பற்றிய யானைகளும் செல்வமும், ஊர்களின் பட்டியலும் இருக்கின்றன. கோயில் கட்டிய செய்தி இல்லை. புத்தகுப்தனின் கல் ராஜேந்திரனுக்கு ஐந்நூறு ஆண்டு மூத்தது. சீனத் துறவி இட்சிங் ஏழாம் நூற்றாண்டிலேயே கெடா வழியாக இந்தியாவுக்குப் போனார். ராஜேந்திரனின் படை வருவதற்கு இருபது ஆண்டுக்கு முன், அவன் தந்தை காலத்தில், கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரம் எழுப்ப, அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைச் சோழன் கொடுத்தான். அந்தச் செப்பேடு லைடன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்து லைடன் செப்பேடு என்ற பெயரும் பெற்றது.

ஆக, இந்த மலையடிவாரம் சோழர் வந்து உண்டாக்கியது அன்று. அவர்கள் வருவதற்குள் அது பல நூற்றாண்டு வணிகம் கண்ட இடம். சோழருக்கும் கடாரத்துக்கும் கொடுக்கல் வாங்கலும் இருந்தது, போரும் இருந்தது. இந்த உண்மையே போதுமான பெருமை. அதற்குமேல் நாம் ஒட்டவைக்கும் ஒவ்வொரு பொய்யும், எதிரில் இருப்பவர் உண்மையையும் சேர்த்துத் தள்ளிவிட வழி செய்கிறது. மலேசியாவில் தமிழர் வரலாற்றுக்கு இந்த ஆபத்து உண்டு என்பதால் அழுத்திச் சொல்கிறேன். சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 2009 முதல் அகழ்ந்து கண்ட இரும்பு உருக்கு உலைகளைப் பற்றியும் இதே நிதானம் வேண்டும். கிறிஸ்துவுக்கு முந்தைய காலக்கணிப்புகள் இன்னும் விவாதத்தில் இருக்கின்றன. விவாதத்தில் இருப்பதை அப்படியே எழுதுவது குறைவு அன்று.

கல்லையும் கப்பலையும் இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கும் ஏடுகள், அதே மலையடிவாரத்தில் பால்மரம் சீவியவர்களைப் பற்றிச் சொல்வது மிகக் கொஞ்சம். பீடோங் என்று தேடினால் 1947இல் வந்து நிற்போம். ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளம்பிய ஆண்டு அது. கூலி உயர்வும் சுயமரியாதையும் அந்த எழுச்சியில் கலந்திருந்தன. காவல்துறையோடு மோதல் நடந்து உயிரும் போயிற்று. ஆங்கில இதழ்களில் அது பெரும்பாலும் ஒழுங்கு குலைந்த செய்தி. தமிழ் முரசின் பழைய இதழ்களும் சிங்கப்பூர்த் தொகுப்பில் உண்டு. தமிழ் அச்சில் சொல்தேடல் நம்பகமில்லை. தேதியைப் பிடித்து நாள் நாளாகப் புரட்டத்தான் வேண்டும். ஒரே வாரத்தை இரண்டு மொழியிலும் படிக்காதவர் அந்த வாரத்தைப் படித்தவர் ஆகமாட்டார்.

நம் ஊரிலும் இதே கதைதான். 1948 ஜூனில் நிபோங் திபால் காலெடோனியா தோட்டத்து மாளிகையில் தோட்ட முதலாளி ஜான் செயின்ட் மோர் ராம்ஸ்டன் சுட்டுக் கொல்லப்பட்டதை ஆங்கிலப் பத்திரிகைகள் விடாமல் எழுதின. அந்தத் தோட்டத்தில் கரும்பு வெட்டிய காலம் முதல் ரப்பர்க் காலம் வரை லயத்தில் பிறந்து லயத்திலேயே இறந்தவர்களின் பெயரை அதே தேடுபெட்டியில் இட்டுப் பாருங்கள். ஏதும் வராது.

அவர்களைப் பற்றிய ஏடு எங்கே இருக்கிறது? உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. தோட்டத்துக் கோயில் திருவிழா அறிவிப்பு, தமிழ்ப்பள்ளி ஆண்டுமலர், பெரட்டுக் களத்தில் எடுத்த படம், கிராணி எழுதிய செக்ரோல் தாள், 2019இல் நின்றுபோன தமிழ் நேசனிலிருந்து தாத்தா வெட்டி வைத்த துண்டு. 2013இல் பூஜாங் பள்ளத்தாக்கில் ஒரு பழங்கோயிலின் அடித்தளத்தை நில மேம்பாட்டாளர் இடித்துத் தள்ளியபோது நாடே கொதித்தது. பூஜாங் வரலாற்றுக்காக உழைத்த டத்தோ வீ. நடராஜன் அன்று குரல் எழுப்பினார். தோட்டம் துண்டாடப்பட்டு லயம் இடிபடும்போது அப்படி யாரும் கொதிப்பதில்லை. அங்கே போகும் காகிதம் ஜெராயின் செங்கல்லைவிட மதிப்பில் குறைந்தது என்று நான் எண்ணவில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்த வாரம் வீட்டில் உள்ள பழைய தாள்களை வெளிச்சத்தில் வைத்துக் கைப்பேசியில் படமெடுங்கள். முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் எடுங்கள். தேதியும் பெயரும் அங்கேதான் இருக்கும். படத்தில் நிற்பவர் யார், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த ஆண்டு என்பதைப் பாட்டியிடம் கேட்டுத் தமிழில் எழுதிச் சேருங்கள். பிறகு இண்டர்நெட் ஆர்கைவ் போன்ற பொதுத் தளத்தில் ஏற்றிவிடுங்கள். ஊர்ப் பெயரைப் பழைய எழுத்துக்கூட்டல், புதிய எழுத்துக்கூட்டல் இரண்டிலும் குறியுங்கள்.