குடம்புளிக்கு எழுநூறு ரூபாய்

கேரளத்தில் கடவுளுக்கும் பாருக்கும் நடுவே எவ்வளவு தூரம் வேண்டும் என்பதை அரசாங்கமே அளந்து வைத்திருக்கிறது. மூன்று நட்சத்திர ஓட்டல் என்றால் 200 மீட்டர். நான்கு நட்சத்திரமும் அதற்கு மேலும் என்றால் 50 மீட்டர் போதும் என்று 2017-இல் விதியைத் தளர்த்தினார்கள். நட்சத்திரம் கூடக்கூட ஆண்டவன் கண்டும் காணாமல் இருப்பார் போலும்.

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் குடியிருப்பவனுக்கு இந்தக் கணக்கு முக்கியம். மேற்கே பத்மநாபசாமி பள்ளிகொண்டிருக்கிறார். தூங்குகிறார் என்று நம்பிவிட முடியாது. வடக்கே பழவங்காடிப் பிள்ளையார் முழித்தே இருக்கிறார். சாமிகளையாவது சமாளித்துவிடலாம். கிழக்கே சாலைக் கம்போளம் இருக்கிறதே, ராஜா கேசவதாஸ் திவானாக இருந்து உண்டாக்கிய கடைத்தெரு, அங்கே கடைக்கு ஒரு தெரிந்த முகம், தெருவுக்கு ஒரு சொந்தக்காரர். அதனால் எங்கள் பகுதி ஆட்கள் பெவ்கோ என்கிற அரசு மதுக்கடை வரிசையில் நின்றாலும் ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டார்கள், பஸ்ஸில் வந்தவர்கள் உட்பட.

காக்டெய்ல் பாரில் நிலைமை தலைகீழ். அங்கே குடிக்கிறவன் கால்மேல் கால் போட்டுப் பகிரங்கமாக உட்கார்ந்திருக்கிறான். சாராயத்தைத்தான் ஒளித்துவைக்கிறார்கள்.

இந்த ஞானத்தை எனக்குத் தந்தவர் சாலையில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி. டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் அவருடைய அக்காள் மகனுக்குப் பதவி உயர்வு. ஒன்றாம் தேதி கேரளம் முழுக்க டிரை டே என்பதால் விருந்து இரண்டாம் தேதிக்குத் தள்ளிப்போனது. நகரத்துப் பெரிய ஓட்டல் ஒன்றின் பாருக்கு எங்களைக் கூட்டிப் போனான்.

உள்ளே எதிரே இருப்பவர் யாரென்று தெரியாத அளவுக்கு வெளிச்சம். "நல்ல ஏற்பாடு" என்று அண்ணாச்சி மனம் நிறைந்து பாராட்டினார். மெனுவை செல்போன் டார்ச் அடித்துப் படித்தார். ஜின்னில் குடம்புளியும் கறிவேப்பிலையும். ரம்மில் நன்னாரியும் சுக்கும். விஸ்கியில் ஏலக்காய். ஒவ்வொன்றும் எழுநூறு ரூபாய்க்குக் குறையவில்லை.

"பூராவும் நம்ம கடைச் சாமான்லா வே!"

குடம்புளி வந்தது. கோப்பையை அடைத்துக்கொண்டு ஒரே ஐஸ்கட்டி. ஸ்மால் என்றால் 30 மில்லி, லார்ஜ் என்றால் 60 என்பது கேரளத்தில் பிள்ளைக்கும் தெரியும். குடிக்கத்தான் 23 வயதாக வேண்டும். அண்ணாச்சி கோப்பையைத் தூக்கிப் பார்த்தார்.

"தம்பி, சாக்கைக் கழிச்சு எடை சொல்லு."

பார்டெண்டருக்குப் புரியவில்லை. மருமகன் பேச்சை மாற்ற வரலாற்றில் இறங்கினான். 1806-இல் அமெரிக்காவில் ஹட்சன் என்ற ஊரின் பத்திரிகை ஒன்று காக்டெய்லுக்கு இலக்கணம் சொன்னதாம்: மது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ்.

"பிட்டர்ஸ்னா?"

"கசப்பு மருந்து, மாமா. 1824-இல வெனிசுவேலாவில சீகர்ட்னு ஒரு ராணுவ டாக்டர் வயித்துக்காகக் காய்ச்சினது."

"அப்ப பத்தியம் உண்டா?"

ஜின்னுக்குத் துணையாக டானிக் வந்த கதையும் இதேதான். இந்தியாவிலிருந்த வெள்ளைக்காரன் மலேரியாவுக்குக் கொய்னா குடிக்க வேண்டியிருந்தது. கசப்புக்கு ஜின் ஊற்றிக்கொண்டான். ஆக, ஒளிந்து குடிப்பதில் சாலைக்காரர்கள் தனியாக இல்லை. அவன் மருந்துக்குப் பின்னால் ஒளிந்தான், நாங்கள் ஹெல்மெட்டுக்குள்.

பில் வந்தது. பத்மநாபசாமி கோயிலுக்கு எதிரே மேத்தன்மணி என்ற கடிகாரம் இருக்கிறது. மணி அடிக்கும்போதெல்லாம் அதிலுள்ள தாடிக்காரன் வாயைத் திறப்பான். இரண்டு ஆடுகள் இரு கன்னத்திலும் முட்டும். அண்ணாச்சியின் முகம் அப்படியே ஆயிற்று. ஒரு ஆடு சேவைக் கட்டணம், இன்னொன்று வரி. மதுவுக்கு மாநில விற்பனை வரியே 251 சதவீதம் வரை போகிறது என்று மருமகன் சமாதானம் சொன்னான். பணம் கொடுத்தவன் அவன்தான். வலி மட்டும் மாமாவுக்கு.

வாய் மூடியதும் அண்ணாச்சி பார்டெண்டரைக் கூப்பிட்டார்.

"குடம்புளி கிலோ என்ன விலைக்கு எடுக்கீங்க?"

அவன் சொன்ன விலையைக் கேட்டு அண்ணாச்சிக்கு அன்றைக்கு முதல்முறையாகக் கிறுகிறுத்தது. மானேஜர் வந்தார். குடம்புளி, சுக்கு, ஏலக்காய் மூன்றுக்கும் ரேட் பேசி, விசிட்டிங் கார்டு கைமாறி, ஒரு மாதக் கடனும் ஒப்புக்கொண்ட பிறகே எழுந்தார்.

கிழக்கேகோட்டையில் ஆட்டோவை விட்டு இறங்கினால், கடையடைத்துவிட்டு வந்த பக்கத்துக் கடைக்காரர் எதிரே நிற்கிறார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினேன்.

"என்ன அண்ணாச்சி, இந்த நேரத்தில?"

"சரக்கு விஷயமா ஒரு பார்ட்டிக்குப் போயிருந்தோம்" என்றார் அண்ணாச்சி, தலை நிமிர்ந்து.